ரிஸ்ட் கார்டு (மணிக்கட்டுக் காப்பு) கிளவுஸுக்குள் அடங்கவில்லை, என்ன வழி?

டொராண்டோவில் இருக்கிறேன். போன ஜனவரியில் ப்ளூ மவுண்டனில் ஸ்னோபோர்டு பழகப் போய், இரண்டாம் நாளே பின்பக்கமாக விழுந்தேன். கையை ஊன்றியதில் இடது மணிக்கட்டில் சின்ன எலும்பு முறிவு, ஐந்து வாரம் மாவுக்கட்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த சீசனில் ரிஸ்ட் கார்டு இல்லாமல் இறங்குவதாக இல்லை. ஆனால் அது கிளவுஸுக்குள் போகமாட்டேன் என்கிறது. இருபுறமும் பிளாஸ்டிக் தகடு வைத்தது வாங்கினேன். எம் சைஸ் கிளவுஸ் அதன்மேல் ஏறவே இல்லை. எல் சைஸ் ஏறியது, ஆனால் விரல் நுனி தொளதொளவென்று நிற்பதால் பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங் வாரைப் பூட்ட முடியவில்லை. அப்புறம் ரோலர் ஸ்கேட்டிங் கார்டை கிளவுஸுக்கு வெளியே போட்டுப் பார்த்தேன். மைனஸ் 12 டிகிரியில் வெல்க்ரோவில் பனி அப்பிக்கொண்டு ஒட்டவே இல்லை. கார்டை உள்ளேயே வைத்துத் தைத்த கிளவுஸில் தகடு நழுவுகிறது.

உள்ளங்கைச் சுற்றளவு 20 செ.மீ., எடை 74 கிலோ.

மிட்டனுக்குள் (கட்டைவிரல் தவிர மற்ற விரல்களெல்லாம் ஒரே பைக்குள் போகும் கையுறை) ரிஸ்ட் கார்டு போட்டு ஓட்டுகிறவர்கள், எந்த மாடலுக்கு எந்த சைஸ் மிட்டன் பொருந்துகிறது என்று சொல்வீர்களா?