தாலி ஏறிய பிறகு கேட்ட கெட்டிமேளம்

அக்காவின் கலியாணம் 2003இல், யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், கோண்டாவில் வீட்டில் நடந்தது. அப்பாவின் குரல் எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த வீஎச்எஸ் கசற்றில் மட்டும்தான். பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதால் பயந்துபோய், யூஎஸ்பி கப்சர் கருவி ஒன்று வாங்கி 90 நிமிடத்தையும் கணினியில் ஏற்றி டிவிடி அடித்தேன்.

அம்மாவோடு இருந்து பார்த்தோம். படலையில் தேங்காய் உடைக்கும்போது சத்தம் சரியாகத்தான் விழுந்தது. தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளை கையை எடுத்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்டது. கடைசியில் அப்பா அறுகரிசி போட்டு அக்காவிடம் ஏதோ சொல்கிறார். வாய் மூடிய பிறகு குரல் வருகிறது. அம்மா எழும்பி உள்ளே போய்விட்டார்.

டிவிடி விற்ற கடையில், வேகத்தைக் குறைத்து 4 எக்ஸில் அடிக்கச் சொன்னார்கள். மூன்று தட்டு வீணாகியது. அடிக்கும் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒலியும் படமும் எந்த நேரத்தில் வரவேண்டும் என்பது கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். தட்டை அடிக்கும் பேர்னர் அதை அப்படியே பதிக்கிறது, அவ்வளவுதான். கணினியில் கோப்பைப் போட்டு 88ஆவது நிமிடத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். அங்கேயே பிழை இருந்தது.

அடுத்து 44.1, 48 கிலோஹேர்ட்ஸ் குழப்பமாக இருக்குமோ என்று நினைத்தேன். விநாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளந்து பதிகிறது என்பதுதான் அந்த எண். டிவிடிக்கு 48 தான் வேண்டும். ஆனால் 44.1இல் பதிந்ததை மாற்றாமல் 48 என்று ஓடவிட்டால் குரலே கீச்சென்று மாறிவிடும். அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகத்தான் இருந்தது.

இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவா, கூடிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஒரே அளவென்றால் ஒலியை அத்தனை மில்லி விநாடி நகர்த்தினால் போதும். திடீரென ஓர் இடத்தில் தாவினால் அங்கே பிரேம், அதாவது படச் சட்டம், பதியாமல் விடுபட்டிருக்கும். எனக்கு ஒரு பிரேமும் விடுபடவில்லை. தேங்காயில் இல்லாத இடைவெளி மெல்ல மெல்ல வளர்ந்து, கடைசித் தவில் அடியில் ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆகியிருந்தது. தவில்காரரின் கை தோலில் படும் பிரேமை நிறுத்திவைத்து அளந்தேன். அதைவிடத் துல்லியமான அடையாளம் அந்தக் கசற்றில் கிடையாது.

காரணம் இதுதான். படம் கப்சர் கருவி வழியாக வந்தது, ஒலியை நான் கணினியின் சவுண்ட் கார்ட்டில் கொடுத்திருந்தேன். இரண்டுக்கும் வேறு வேறு கடிகாரம். விநாடிக்கு 48,000 ஒலி அளவுகள் (சாம்பிள்) என்று சொல்லிக்கொண்டு சவுண்ட் கார்ட் ஏறக்குறைய 48,022 எடுத்திருக்கிறது. அதை 48,000 வீதம் ஓடவிட்டால் ஒலி நீளும்.

ஒலியைத் திருத்தும் ஒடாசிற்றி மென்பொருளில், சுருதியைத் தொடாமல் வேகத்தை மாற்றும் ‘சேஞ்ச் டெம்போ’ போய், ஒலியின் 5402.5 விநாடியைப் படத்தின் 5400 ஆக்கினேன். நாதஸ்வரத்தின் சுருதி மாறவில்லை. பிறகு எங்கள் ரிவிக்கான பால் (PAL) முறையில், விநாடிக்கு 25 பிரேமில், முதலில் அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டில் அடித்து வீட்டு ரிவியில் போட்டுப் பார்த்தேன். அது சரிவந்த பிறகுதான் நல்ல தட்டில் கைவைத்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டுக் கடைசிப் பகுதியைப் போட்டேன். “கவனமாப் போயிட்டு வா பிள்ளை” என்றுதான் அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா ரிமோட்டை வாங்கித் திரும்பவும் போட்டார்.