மூன்றாவது குழந்தையும் தாயின் வேலை நேரமும்: கருவி மாறி பற்றி உதவி தேவை

வணக்கம். மூன்றாவது குழந்தையால் தாயின் வேலை நேரம் எவ்வளவு குறைகிறது என்று மதிப்பிட, முதல் இரு பிள்ளைகளும் ஒரே பாலினமா என்பதைக் கருவி மாறியாக (மூன்றாவது பிள்ளைக்கான வாய்ப்பைத் தற்செயலாக மாற்றும் காரணியாக) எடுத்திருக்கிறோம். பொருளியலாளர்கள் ஆங்ரிஸ்ட், எவான்ஸ் 1998-இல் போட்ட வழிதான். அமெரிக்கத் தரவில் ஒரே பாலினமாக இருப்பது மூன்றாவது பிள்ளைக்கான வாய்ப்பைச் சுமார் 6 சதவீதப் புள்ளி கூட்டியது.

எங்கள் தரவில் இரண்டும் பெண் என்றால்தான் முதல்நிலை விளைவு (மூன்றாவது பிள்ளைக்கான வாய்ப்பில் வரும் மாற்றம்) பெரிது. இரண்டும் ஆண் என்றால் ஏறக்குறைய இல்லை. இரண்டையும் தனித்தனிக் கருவியாகப் பிரித்தால் போதுமா? மகள்கள் வீட்டு வேலையில் கைகொடுத்தால் தாயின் நேரம் நேரடியாகவே மாறும், கருவி மூன்றாவது பிள்ளை வழியாக மட்டுமே வேலை நேரத்தைப் பாதிக்க வேண்டும் என்ற விலக்கு நிபந்தனை அங்கேயே உடைந்துவிடும். பாலினத் தேர்வுக் கருக்கலைப்பு இருந்தால் இரண்டாவது பிள்ளையின் பாலினமே தற்செயல் இல்லை. இதற்கு என்ன சோதனை செய்யலாம்?

வீட்டைவிட்டுப் போன பிள்ளைகள் குடும்பப் பட்டியலில் விடுபடுவதால் தாய்க்கு 35 வயது வரம்பு வைத்தோம். வேலைக்குப் போகாதவர்களுக்கு 0 மணி; டோபிட் (பல மதிப்புகள் 0-இல் குவியும் தரவுக்கான மாதிரி) தேவையில்லை என்று நினைக்கிறோம். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.