புதுப்பிப்பு: அயுத்தயா ஒருநாள் சுற்றுலா, பணம் வந்ததா?

பாங்காக்கிலிருந்து தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவுக்கு வழிகாட்டியோடு போன ஒருநாள் சுற்றுலாவைப் பற்றிப் புலம்பியிருந்தேன் இல்லையா, நகைக்கடையில் நிறுத்தியே காலையைத் தீர்த்துவிட்டு, வாட் மகாதாத் கோயிலில் அவசரமாக இறக்கி ஏற்றி, பட்டியலில் இருந்த வாட் சாய்வத்தனாராம் கோயிலை வேனுக்குள்ளிருந்தே கைகாட்டிய கதை. பணம் வந்ததா என்று பலர் கேட்டீர்கள்.

பாதி வந்தது. முதலில் சுற்றுலா நிறுவனத்தார் டிராஃபிக் என்று சமாளித்தார்கள். நகைக்கடை வாசலில் எடுத்த போட்டோவின் நேரத்தையும் அவர்களே போட்டிருந்த நிகழ்ச்சி நிரலையும் சேர்த்து அனுப்பியதும் பேச்சு அடங்கிவிட்டது.

அப்புறம், ஊர் திரும்புமுன் நாங்களே ரயிலில் மறுபடி போனோம். சுமார் 80 கி.மீ.தான், டிக்கெட்டும் மலிவு. ஸ்டேஷனிலிருந்து நடந்து, படகில் ஆற்றைக் கடந்து, வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டோம். 1767-ல் பர்மியப் படை அழித்த தலைநகரம் அது. வாட் மகாதாத்தில் தலையில்லாத புத்தர் சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதை நிதானமாகப் பார்த்தபோதுதான் அந்த அழிவு உறைத்தது. மர வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலைக்கு முன் உட்கார்ந்துதான் படம் எடுக்க வேண்டும், நம் தலை அதைவிட உயரக் கூடாது. முதல் முறை காவலர் அதட்டித்தான் எங்கள் குழுவுக்கே இது தெரிந்தது, வழிகாட்டி வாயே திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சாய்வத்தனாராம் சாவ் ப்ரயா ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. வெயிலில் சைக்கிள் வேண்டாம், டுக்டுக் (நம்மூர் ஆட்டோ மாதிரி) பேசிக்கொள்ளுங்கள்.