தெளிபெயர்: கலைச்சொல் முன்மொழிவு

> மலர், வெற்றி, குப்பன் போன்ற ஆட்பெயர்களுக்குக் காரணப்பெயர் என்ற பழைய சொல்லே போதுமே?

போதாது, ஐயா. நன்னூலார் காரணப்பெயர் என்று சொல்வது, பெயர் வந்த காரணம் அந்தப் பொருளிடமே இருக்கும்போதுதான். பறப்பதால் பறவை. மலர் என்ற பெண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. பெற்றோருக்குப் பிடித்தது, வைத்தார்கள். நாம் தேடுவது, அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல்லே ஆளுக்கும் பெயராக நிற்பதைக் குறிக்கும் சொல்.

குப்பனையே பாருங்கள். எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மூத்தவர்களிடையே குப்பன், குப்பம்மாள் சாதாரணம். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். வேறொருத்தி எடுத்துக்கொள்வாள், பெற்றவளே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவாள். எமன் ஏமாற வேண்டும், அவ்வளவுதான். பிறகு அந்தக் குப்பனின் பேரனுக்கும் தாத்தா பெயர். பேரன் பிறந்ததோ ஆஸ்பத்திரியில். குப்பையும் இல்லை, தவிடும் இல்லை. காரணம் ஒரு தலைமுறையில் தீர்ந்துவிட்டது, சொல்லின் பொருள் மட்டும் எல்லோர் காதிலும் விழுகிறது. (தாத்தா பெயரின் வலுவைச் சொல்ல வேண்டுமா? 1912இல் திருப்பத்தூரில் பிறந்த மு.வ.வுக்கு இட்ட பெயர் திருவேங்கடம். நிலைத்தது தாத்தாவின் வரதராசன்.)

> சொற்பெயர் அல்லது பொருட்பெயர்?

எல்லாப் பெயரும் சொல்தான். பொருட்பெயரோ இலக்கணத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறது, அதைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

என் பரிந்துரை தெளிபெயர். வினைத்தொகை, கேட்டவுடன் பொருள் தெளியும் பெயர். தென்றல், அன்பு, வெற்றி, வேண்டாம் எல்லாம் இதில் அடங்கும். குப்பன், பிச்சை, வேண்டாம் போன்றவற்றில் கண்ணேறுக்கும் சாவுக்கும் அஞ்சி இட்டவற்றை மட்டும் காப்புப்பெயர் என்று உள்வகை ஆக்கலாம். ஆண் பிள்ளையை எதிர்பார்த்து, பிறந்த பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று வைத்தது காப்பு அல்ல, வெறும் ஏமாற்றம். அதைக் காப்பில் சேர்த்து அழகுபடுத்த எனக்குச் சம்மதமில்லை.

ஒரு சிக்கல் உண்டு: யாருக்குத் தெளிவு? ஆம்பூரில் உருது பேசும் வீட்டுக்கு நூர் என்றால் ஒளி. அடுத்த தெருத் தமிழருக்கு அது பெயர் மட்டுமே. பங்காரு தெலுங்கு வீட்டுக்குப் பொன். ஆகவே வரையறையில் ‘பெயரிடும் குடும்பத்தின் பேச்சுமொழியில்’ என்ற தொடர் கட்டாயம் வேண்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. ‘மணி வந்தாயிற்றா’ என்பதில் மணி ஆளா, நேரமா என்று கணினிக்கு யார் சொல்வது? திருமண அழைப்பிதழில் ‘செல்வி செல்வி’ என்று அச்சிட்டால் பிழைதிருத்தி ஒன்றை வெட்டிவிடுகிறது. அகராதியில் இப்பெயர்களுக்குத் தனிக்குறி இட்டால்தான் இது தீரும்.

வள்ளிதான் எனக்கும் இழுபறி. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்ததால் வள்ளி என்பது வள்ளிமலைக் கதை. அப்போது அது அசல் காரணப்பெயர். வள்ளி என்றால் கொடி என்றும் பொருள், ஆனால் இன்று அந்தப் பொருளில் யாரும் வள்ளி என்பதில்லை. நான் அதைத் தெளிபெயர்ப் பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்பவர்கள், இன்றைய பேச்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுங்கள்.