பழைய கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்ற முடியுமா?

இரவாடி:

2017இல் வாங்கிய லேப்டாப். ஐ7-7700ஹெச்க்யூ சிபியு, கிராபிக்ஸுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக. விண்டோஸ் எம்.2 எஸ்எஸ்டியில், கேம்கள் எல்லாம் பழைய ஹார்டு டிஸ்கில். இத்தனை வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஆறு மாதமாக எந்த கேமைத் திறந்தாலும் முதல் பத்து நிமிடம் நொடிக்கு 55, 60 ஃப்ரேம் என்று நன்றாக ஓடிவிட்டு, அப்புறம் திடீரென்று 25க்கு விழுகிறது, கொஞ்ச நேரத்தில் எழுகிறது, மறுபடி விழுகிறது. ஃபேன் போடுகிற சத்தத்தில் ஹெட்செட் இல்லாமல் விளையாடவே முடியவில்லை.

கார்டுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்கிறேன். 1050 டிஐயைக் கழற்றிவிட்டு 1060 அல்லது 2060 போட முடியுமா? டெஸ்க்டாப்பில் இரண்டு தடவை கார்டு மாற்றியிருக்கிறேன், லேப்டாப்பின் அடிமூடியை மட்டும் இதுவரை திறந்ததில்லை. 1060 சிப் தனியாக விற்பனைக்கு இருப்பதைப் பார்த்ததிலிருந்துதான் இந்த ஆசை. புது லேப்டாப் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கே தெரியும்.

ஈயப்பொட்டு:

முடியாது தம்பி. டெஸ்க்டாப் மாதிரி ஸ்லாட்டில் செருகிய கார்டு இல்லை அது. ஜிபியு என்கிற கிராபிக்ஸ் சிப், அதைச் சுற்றியுள்ள மெமரி சிப்புகள், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி எல்லாமே மதர்போர்டில் பற்றவைத்தவை. சிப்பின் அடியில் நூற்றுக்கணக்கான குட்டி ஈய உருண்டைகள் இருக்கும். 1050 டிஐக்கும் 1060க்கும் உருண்டைகளின் எண்ணிக்கையே வேறு, அடுக்கும் வேறு, உட்காரவே உட்காராது. நீ பார்த்த தனிச் சிப், அதே சிப் செத்துப்போன போர்டுக்கு மாற்றாகப் போடுவதற்கு. அதையே சூடுகாற்றில் தூக்கி எடுக்கும்போது கை பழகிய எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

கழற்றி மாட்டுகிற லேப்டாப்புகளும் இருந்தன. எம்எக்ஸ்எம் என்று ஒரு வகைக் கார்டு, 82 மி.மீ. அகலத்தில். கிளெவோ, எம்எஸ்ஐயின் ஜிடி வரிசை, சில பழைய ஏலியன்வேர்களில் வந்தது, தூக்கினால் தோள் இறங்கிவிடும். அதிலும் சூட்டை இழுக்கிற ஹீட்சிங்கின் துளைகள் பொருந்த வேண்டும், புதுக் கார்டை பயாஸ் (லேப்டாப்பை எழுப்புகிற மென்பொருள்) ஏற்க வேண்டும், இரண்டில் ஒன்று எப்போதும் முரண்டு பிடிக்கும். 1050 டிஐ போட்ட லேப்டாப்பில் அந்தக் கார்டை நான் பார்த்ததே இல்லை. இப்போது ஃப்ரேம்வொர்க் 16 இருக்கிறது, 2024இல் ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் மாட்யூலோடு வந்தது, 2025இல் அதே லேப்டாப்பில் மாட்டுகிற மாதிரி ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூலையும் அறிவித்தார்கள். ஆனால் அது உன் லேப்டாப் இல்லையே.

அதே மாடலில் 1060 போட்ட போர்டைத் தேடி முழுசாக மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பாய். ஒருவருக்கு அப்படிச் செய்து கொடுத்தேன். போர்டு வந்தது, அதற்கேற்ற ஹீட்சிங்க், ஃபேன், பெரிய சார்ஜர் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடினோம், கடைசியில் டிஸ்பிளே கேபிள் அரை விரல்கடை எட்டவில்லை. அதற்குத் திரையோடு மேல்மூடியையே தேட வேண்டியதாயிற்று. பழைய லேப்டாப்பில் மிஞ்சியது கீபோர்டு மட்டும்தான்.

வெப்பமானி:

ஈயப்பொட்டு அண்ணன் சொன்னது சரி. ஆனால் எனக்குக் கேள்வியிலேயே சந்தேகம். கார்டு பத்தவில்லை என்றால் முதல் நிமிடத்திலிருந்தே பத்தாது. பத்து நிமிடம் 60 கொடுத்துவிட்டு அப்புறம் 25க்கு இறங்குகிற கார்டு, சூட்டில் தவிக்கிற கார்டு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற வெப்பம் காட்டுகிற மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் விளையாடிவிட்டு, சிபியு வெப்பம், சிபியு வேகம், ஜிபியு வெப்பம் மூன்றையும் இங்கே போடுங்கள். சிபியு வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸில் போய் ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றால் அது வேறு கதை, அப்போது முதலில் சார்ஜரையும் பேட்டரியையும் சந்தேகப்படணும்.

இரவாடி:

பார்த்தேன். சிபியு 97, நடுநடுவே 100ஐத் தொடுகிறது. வேகம் 3.4இலிருந்து 2க்குக் கீழே போய் வருகிறது. ஜிபியு 86. நீங்கள் சொன்ன 0.8 வரவில்லை.

வெப்பமானி:

அப்போது அதுவேதான். 100 டிகிரி அந்தச் சிபியுவின் எல்லைக்கோடு, தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த மாதிரி லேப்டாப்புகளில் சிபியுவும் ஜிபியுவும் பெரும்பாலும் ஒரே செப்புக் குழாயைப் பங்கு போடுகின்றன, ஒன்று கொதித்தால் மற்றதும் சேர்ந்து கொதிக்கும்.

அடிமூடியைத் திறந்தே ஆகணும், பயப்பட ஒன்றுமில்லை. ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும், ஒரு தாளில் லேப்டாப்பை வரைந்து எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள், நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது மறுபக்கம் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வரும் (எனக்கு வந்தது, டச்பேடுக்குப் பக்கத்தில்). திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், இறுக்கும்போது அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக. மெமரி சிப்புகள் மேல் இருக்கிற தெர்மல் பேடுகள் (சூடு கடத்துகிற மெத்தைத் துண்டுகள்) கிழியாமல் வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றித்தான் ஆகணும் என்றால் பழையதன் தடிமனை அளந்துவிட்டு அதே தடிமனில் போடுங்கள், 0.5 மி.மீ. இருந்த இடத்தில் 1 மி.மீ. போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாமல் நிற்கும், முன்பைவிட மோசமாகச் சுடும். ஃபேனில் காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்த பிறகு த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் சிபியு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், மைனஸ் 80 மில்லிவோல்ட்டில் தொடங்கலாம், கேம் உறைந்தால் பின்வாங்கலாம். 2019 கடைசியில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல கம்பெனிகள் பயாஸ் அப்டேட்டில் இதைப் பூட்டிவிட்டன, பூட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் அந்த ஒற்றைக் குச்சி ரேம். இன்னொரு 8 ஜிபி போட்டால் 16 ஆவது மட்டுமில்லை, இரண்டு சேனலாக, அதாவது இரண்டு பாதையாக ஓடும், சிபியு திணறுகிற கேம்களில் அந்தத் தடக் தடக் நிற்கும்.

நாலுலேன்:

கார்டு ஆசை இன்னும் போகவில்லை என்றால் வெளியிலிருந்து மாட்டுகிற வழி இருக்கிறது. தண்டர்போல்ட் 3 என்ற வேகமான போர்ட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எஸ்எஸ்டி உட்காரும் எம்.2 ஸ்லாட்டிலேயே ஒரு அடாப்டர் மாட்டி டெஸ்க்டாப் கார்டை ஓட்டலாம். விண்டோஸைச் சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றி ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் போட வேண்டியிருக்கும். கார்டுக்குத் தனியாக ஒரு டெஸ்க்டாப் பவர் சப்ளை, அதை முதலில் ஆன் செய்துவிட்டுத்தான் லேப்டாப். ஓடும்போது கேபிளைத் தொடாதீர்கள், யூஎஸ்பி மாதிரி பிடுங்கிச் செருகுகிற விஷயம் இல்லை.

அந்த ஸ்லாட்டில் பிசிஐஇ 3.0 (கார்டுக்குத் தரவு போய் வருகிற பாதை) நான்கு லேன், நொடிக்கு 4 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. டெஸ்க்டாப்பின் பதினாறு லேனில் கால்வாசி. அதனால் வெளி மானிட்டரில் விளையாடுங்கள், லேப்டாப் திரையிலேயே பார்த்தால் படம் அதே கேபிள் வழியாகத் திரும்பி வரணும், இடிபடும். மெமரி குறைந்த கார்டும் வேண்டாம். மெமரி வழிந்தால் இந்தக் குறுகிய பாதையில்தான் சாமான் இறக்கணும், அப்போது 4 ஜிபி கார்டுகள் படுத்துவிடும். 8 ஜிபியும் 115 வாட்டும் உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 போதும். அதற்கு மேல் போட்டால் நான்கு கோர் சிபியு பின்னால் ஓடி வர முடியாது.

டிவைஸ் மேனேஜரில் கோட் 12 என்று பிழை வந்தால் உள்ளே இருக்கிற 1050 டிஐயை அங்கேயே டிசேபிள் செய்து பாருங்கள், எனக்கு அதில்தான் தீர்ந்தது. அடிமூடியில் கேபிள் வர ஒரு ஓட்டை போட்டேன், அழகு போனால் போகட்டும்.

மூன்றாம்கை:

இதையெல்லாம் செய்வதற்கு முன் ஒன்று. 1050 டிஐ பாஸ்கல் தலைமுறை. என்விடியா அந்தத் தலைமுறைக்குக் கேம் டிரைவர் வெளியிடுவதை 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது, இனி பாதுகாப்பு அப்டேட்தான், அதுவும் 2028 அக்டோபர் வரை. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்தது, 7700ஹெச்க்யூவோ விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை. ரே ட்ரேசிங் (ஒளிக்கதிரைக் கணக்கிடுகிற கிராபிக்ஸ் வசதி) இல்லாமல் திறக்கவே மறுக்கிற கேம்களும் வர ஆரம்பித்துவிட்டன. சுத்தம் செய்யுங்கள், ரேம் போடுங்கள், அதற்கு மேல் இந்தப் பெட்டியில் காசு இறைக்காதீர்கள். வெளிக்கார்டு வாங்குகிற பணத்தை ஒரு டெஸ்க்டாப்பின் பாதி விலையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலுலேன்:

கார்டும் பவர் சப்ளையும் அப்படியே நாளைக்கு டெஸ்க்டாப்புக்குப் போகுமே. வீண் என்றால் அந்த அடாப்டர் ஒன்றுதான்.

இரவாடி:

ஞாயிறு முழுக்க இதிலேயே போனது. ஃபேனைக் கழற்றினால் அதற்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, சட்டைப்பையோடு துவைத்த காகிதம் மாதிரி கெட்டியாக, சாமணத்தால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. காற்று வெளியே போகவே வழியில்லை, இவ்வளவு நாள் ஓடியதே பெரிது. சிபியு மேலிருந்த, சூடு கடத்துகிற பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஹீட்சிங்கில் மூன்றாம் நம்பர் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டது, ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகி எடுத்தேன்.

இப்போது அதே கேம், ஒரு மணி நேரம்: சிபியு 83, ஜிபியு 72, ஃப்ரேம் 57க்குக் கீழே இறங்கவில்லை. மின்னழுத்தம் குறைக்கிற வசதி பூட்டியிருக்கிறது, விட்டுவிட்டேன். ரேம் இந்த வாரம் போடுகிறேன். ஈயப்பொட்டு அண்ணா, அந்தச் சிப்பை வாங்கவிடாமல் தடுத்ததற்கு நன்றி.

நாலுலேன், மானிட்டர் ஏற்கெனவே இருப்பதால் கேட்கிறேன், திறந்தபோது பார்த்தேன், எம்.2 ஸ்லாட்டின் பக்கத்தில் சாட்டா, பிசிஐஇ இரண்டையும் அச்சிட்டிருக்கிறார்கள். இது போதுமா?

நாலுலேன்:

போதும். ஆனால் லேன் எத்தனை என்று பார்க்கணும். இப்போது இருப்பது பிசிஐஇயில் ஓடுகிற என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் மோட் பாருங்கள். பிசிஐஇ 3.0 எக்ஸ்4 (நான்கு லேன்) என்று காட்டினால் அடாப்டர் தேட ஆரம்பிக்கலாம். எக்ஸ்2 என்றால் மூன்றாம்கை சொன்னதைக் கேளுங்கள்.