தம்பி போலீஸ்காரன், அடிக்கச் சொன்னால் என்ன செய்வான்?

கல்யாணபுரம்காரன்:
என் தம்பி ஆயுதப்படையில் இருந்து மாறி, இப்போது வடசென்னையில் ஒரு ஸ்டேஷனில் காவலர். நாங்கள் வியாசர்பாடி. ராத்திரியில் நிறுத்தி "எந்த ஏரியாடா" என்று கேட்டு, பதிலைக் கேட்டதுமே வண்டியில் ஏற்றின காலமெல்லாம் பார்த்தவர்கள், அதனாலேயே "நான் அப்படி இருக்க மாட்டேன்" என்று சொல்லி வேலைக்குப் போனவன் அவன். இப்போது பந்தோபஸ்து, நைட் ரவுண்ட்ஸ், விடிந்தால் கோர்ட் என்று வந்து யூனிபார்மோடு தூங்குகிறான். போன வாரம் ஒரு பையனைப் பிடித்து வந்து, அடிக்கும்போது அவன் காலைப் பிடித்துக்கொள் என்று என் தம்பியிடம் சொன்னார்களாம். அப்புறம் அந்தப் பையன் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எழுதி மாவுக்கட்டு. மறுத்தால் மெமோ, மறுபடி ஆயுதப்படை. உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள், அவன் என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற எஸ்எஸ்ஐ (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்):
தம்பி, பாதி சர்வீஸ் எனக்கு தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம்தான். வார ஓய்வுக்கு 2021-லேயே அரசாணை வந்தது, ஆனால் ஆள் பற்றாத ஸ்டேஷனில் ஒரு பந்தோபஸ்து வந்தால் முதலில் போவது அந்த லீவுதான். சங்கம் வைத்துக் கேட்கவும் வழியில்லை. கேஸ் ஏன் டிடெக்ட் ஆகவில்லை என்று மேலதிகாரிகளிடமிருந்து வயர்லெஸ் மைக்கில் திட்டு விழும், அது ஒவ்வொருவராக இறங்கி, கடைசியில் லாக்கப்பில் இருப்பவன் முதுகில் முடியும். அதற்காக அடியை நியாயம் என்று சொல்ல மாட்டேன். "ஐயா, என்னால் முடியாது" என்று பணிவாகச் சொல்லிவிட்டு பாராவுக்கு, அதாவது ஸ்டேஷன் காவல் பணிக்கு, போய் நிற்கச் சொல்லுங்கள்.

வக்கீல், ஜார்ஜ் டவுன்:
பாராவில் நின்றால் மட்டும் தப்ப முடியாது அண்ணே, லாக்கப்பில் இருப்பவனுக்குப் பொறுப்பே பாராக்காரர்தான். 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில் இன்ஸ்பெக்டரோடு காவலர்களும் கைதானார்கள். ஐயா சொன்னார், செய்தேன் என்பதெல்லாம் கோர்ட்டில் நிற்காது. அங்கே பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி பயந்துகொண்டேதான் மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார், அந்தச் சாட்சியம்தான் வழக்கையே நிமிர்த்தியது. உங்கள் தம்பி பொய்யான நேரத்துக்கோ காயத்துக்கோ கையெழுத்துப் போடக் கூடாது. கைது செய்ததை வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பிலேயே இருக்கிறது, அந்த போனையாவது அவன் செய்யலாம்.

புளியந்தோப்பு அம்மா:
வக்கீல் சார் சொல்கிற போன் எனக்கு வந்தது. என் மகனை உள்ளே வைத்திருந்தபோது பெயர் சொல்லாத ஒரு காவலர் கூப்பிட்டு, "உடனே வாங்கம்மா, வக்கீலோடு வாங்க" என்றார். அதனால்தான் மறுநாளே என் பிள்ளையை மாஜிஸ்திரேட் முன்னால் பார்த்தேன். எல்லோரும் உங்கள் தம்பியைப் பற்றியே பேசுகிறோம், சரி, அந்த மாவுக்கட்டுப் பையன் இப்போது எங்கே, அவன் அம்மாவுக்குத் தகவல் போனதா என்று அவனிடம் இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள் ஐயா.