கீழ்த்தட்டில் எத்தனை அடி மிஞ்சியது? சரிவில் வீடு கட்டியவர்களின் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து

வணக்கம். சரிவான காணியில் வீடு கட்டப் போகிறவர்கள் அத்திவாரம் வெட்டும் முன்னரே இதை வாசித்துவிடுங்கள்.

எங்கள் காணி தெருவை விடத் தாழ்ந்தது. தெரு மட்டத்தில் வீடு, அதன் கீழே பள்ளத்தைப் பார்த்தபடி ஒரு கீழ்த்தட்டு என்று திட்டமிட்டோம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேராக வளர்ந்தவன் நான். அம்மாவுக்கு ஓர் அறை, பிள்ளைகள் படிக்க ஓர் அறை என்று அந்தக் கீழ்த்தட்டைத்தான் பல வருடங்களாக மனத்தில் கட்டிக்கொண்டிருந்தேன்.

கீழ்த்தட்டின் உயரம் வரைபடத்தில் 9 அடி என்று இருந்தது. அது கீழ்த்தரையிலிருந்து மேல்தளத்தின் மேற்பரப்பு வரையான அளவு என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 9 அடி என்றால் 108 அங்குலம். கொங்கிறீட் தளத்தையும் சேர்த்து, அதைத் தாங்கும் பீமின் ஆழம் 15 அங்குலம். மீதி 93. மேலே தெரு மட்டத்துக் குளியலறையின் கழிவுக்குழாய் அந்தப் பீமுக்கு அடியில் போனது. 4 அங்குலக் குழாய். மீதி 89. கழிவு தங்காமல் ஓட 40 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிவு வேண்டும். பீமைத் தாண்டி 20 அடி தூரம் குழாய் போனதால் இன்னும் 6 அங்குலம் இறங்கியது. தரைக்குச் சாந்தும் டைலும் 2 அங்குலம். முடிவில் நின்றது 81 அங்குலம், அதாவது 6 அடி 9 அங்குலம். அதுவும் அம்மாவின் கட்டில் போட நினைத்த இடத்துக்கு நேர் மேலே. குழாயை மறைக்கப் பலகை அடித்தால் இன்னும் குறையும்.

தரையை ஓர் அடி தோண்டிவிடலாம் என்றார் மேசன். பொறியியலாளர் உடனே மறுத்தார். அத்திவாரத்தின் பிடிமானம் போய்விடும், பின்புற மண்ணைத் தாங்கும் சுவரின் அடியும் வெளியே தெரியும் என்றார். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறக்காத எனக்கும் அந்தச் சுவரின் அடியில் மண்வெட்டி வைக்க மனம் வரவில்லை.

கடைசியில் அந்தக் குளியலறையை உடைத்து, பள்ளத்துப் பக்க வெளிச்சுவருக்கு மாற்றினோம். இப்போது குழாய் வீட்டுக்குள் ஓடாமல் நேராக வெளியே இறங்குகிறது. பீமுக்கு அடியில் 7 அடி 7 அங்குலம் கிடைத்தது. புதிதாகப் பதித்த டைல்களை உடைத்த அந்த இரண்டு நாட்களும் நான் வீட்டுப் பக்கமே போகவில்லை.

பண்டாரவளையிலிருந்து

அண்ணா, குளியலறையை மாற்ற இடமில்லாதவர்களுக்காக என் அனுபவத்தையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் குழாய் பீமுக்கு அடியில் போகவில்லை, பீமுக்கு ஊடாகப் போகிறது. கொங்கிறீட் போடும் முன்பே கம்பிக் கூட்டுக்குள் பெரிய குழாய்த் துண்டொன்றைக் குறுக்கே வைத்து வழி விட்டோம். பொறியியலாளர் அதற்காகப் பீமின் ஆழத்தை 18 அங்குலமாக்கி, துளையைச் சுற்றி மேலதிகக் கம்பியும் கேட்டார். துளை பீமின் நீளத்தில் நடுப்பகுதியில், ஆழத்திலும் நடுவே வர வேண்டும். தூணுக்கு அருகில் கூடவே கூடாது. 3 அங்குலம் விட்டுக்கொடுத்தாலும், குழாயும் அதன் சரிவும் தலைக்கு மேல் தொங்கவில்லை.

பீம் இறுகிய பிறகு துளைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கம்பி அறுந்தால் பீமே பலவீனமாகிவிடும்.

எல்லவிலிருந்து

நான் கீழ்த்தட்டை உல்லாசப் பயணிகளுக்கான அறையாகக் கட்டினேன். அதன் குளியலறை மண் பக்கம் இருப்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. ஊவாவில் ஒக்டோபர் தொடங்கினால் தை மாதம் வரை மழையும் பனிமூட்டமும். முதல் வருடமே சுவர் முழுவதும் பூஞ்சணம். பின்னர் ஈரக் காற்றை வெளியேற்றும் காற்றாடி பொருத்தி, 6 அங்குலக் காற்றுக்குழாயை அறைக்குக் குறுக்கே பள்ளத்துப் பக்கம் கொண்டுபோனேன். அப்போதுதான் உயரப் பிரச்சினை தலைகாட்டியது. நடுவில் ஓடினால் பயணிகள் குனிந்து நடக்க வேண்டும். ஆகவே பக்கச் சுவரும் தளமும் சேரும் மூலையில், அலுமாரிக்கு மேலாகக் கொண்டுசென்று பெட்டி அடித்து மூடினேன்.

அத்துடன் முடியவில்லை. வெந்நீர் ஆவி குளிர்ந்த குழாயில் பட்டு நீராகி, மீண்டும் குளியலறைக்குள்ளேயே சொட்டியது. குழாய்க்கு நுரைப் போர்வை சுற்றி, வெளிப்பக்கம் சற்றுத் தாழும்படி சரித்த பிறகுதான் நின்றது. இந்தக் குழாயும் முதல் நாளே வரைபடத்தில் இருந்திருக்க வேண்டியது.

நுவரெலியாவிலிருந்து

கனடாவில், டொராண்டோவில் இருக்கும் என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். அங்கே நிலவறையில் சூடாக்கும் இயந்திரம் நிற்கிறது. அதிலிருந்து தகரக் காற்றுக்குழாய்கள் தளத்துக்கு அடியில் வீடெங்கும் ஓடுகின்றன. அந்த ஒன்ராறியோ மாகாணத்தின் விதிப்படி நிலவறையின் குறைந்தபட்ச உயரம் 2.1 மீட்டர்; பீமுக்கும் காற்றுக்குழாய்க்கும் அடியில் 1.95 மீட்டர் வரை குறையலாம். ஆகவே குழாயைப் பீமுக்குப் பக்கத்திலேயே ஓட்டி இரண்டையும் ஒரே பெட்டிக்குள் மூடிவிடுகிறார்கள். தாழ்வான இடம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் நடைவழியில்.

எங்கள் குளிருக்குக் கீழ்த்தட்டில் விறகு அடுப்பு வைப்பவர்கள் புகைக்குழாயைத் தளத்தின் அடியில் படுக்கையாக ஓட்டாமல், அடுப்பை வெளிச்சுவரோடு வைத்து நேராக மேலே எழுப்புங்கள். உயரமும் மிஞ்சும், புகையும் நன்றாக இழுக்கும்.

நாவலப்பிட்டியிலிருந்து

எங்களுக்குத் திங்கட்கிழமை அத்திவாரம் வெட்டுகிறார்கள். ஹட்டன் அண்ணாவின் கணக்கை எங்கள் வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். 7 அடிகூட வரவில்லை. இரண்டு வரிசை பிளொக் கல் கூட்டலாம் என்று நினைத்தேன். ஆனால் மண் பக்கச் சுவரும் அவ்வளவு உயர வேண்டும், மண்ணின் அழுத்தமும் கூடும் என்கிறார் பொறியியலாளர். அனுமதி பெற்ற வரைபடம் மாறுவதால் பிரதேச சபைக்கும், மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் மறுபடி போக வேண்டியிருக்கும். அதைவிடக் குளியலறையை வெளிச்சுவருக்குத் தள்ளுவது எளிதாகத் தெரிகிறது. இன்று மாலை மேசனையும் குழாய் வேலை செய்பவரையும் ஒன்றாகக் காணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பீம் வரும் உயரத்தில் ஒரு நூல், குழாய் வரும் உயரத்தில் ஒரு நூல் கட்டி, அதற்கு அடியில் அப்பாவை நடக்க வைத்துப் பார்க்கப் போகிறேன்.